அன்சாக் பிஸ்கற்றும் காத்திருந்த வீடுகளும்



ஏப்ரல் மாதம் பிறந்தால் அவுஸ்திரேலியாவில் பல பிள்ளைகளின் பாடசாலைப் பையில் ஒரு கடதாசி வரும். 25ஆம் திகதி அன்சாக் தினம், அதற்கு முன்னர் வகுப்பில் அன்சாக் பிஸ்கற் செய்யப் போகிறோம், அல்லது வீட்டில் செய்து கொடுத்து விடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். ஓட்ஸ், கோதுமை மா, சீனி, தேங்காய்ப்பூ, பட்டர், கோல்டன் சிரப் என்ற பாணி, கொஞ்சம் அப்பச்சோடா. இவ்வளவுதான் அந்தப் பிஸ்கற். முட்டை இல்லை. முதலாம் உலக யுத்தத்தில் கலிப்பொலியில் போரிட்ட படையினருக்குத் தாய்மாரும் மனைவிமாரும் சுட்டு அனுப்பிய பிஸ்கற் இது என்று ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

சில காலத்துக்கு முன்னர் எமது நிகழ்ச்சியின்போது ஒரு சகோதரி தொலைபேசியில் வந்தார். "அண்ணை, நாங்கள் ஆமியைக் கண்டு ஓடி வந்த சனம். இப்ப என்ர பிள்ளை ஆமிக்காரருக்கு எண்டு பிஸ்கற் சுடுது. நான் அதுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார். அன்று நேரம் போதவில்லை. இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லவும் முடியாது. நான் தொழிலால் கணக்காளன், படித்தது வணிகம். எந்தக் கதையைக் கேட்டாலும் வரவு என்ன, செலவு என்ன, பற்றுச்சீட்டு எங்கே என்று பார்ப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்துடன் இந்தப் பிஸ்கற்றின் கதையை வாசித்துப் பார்த்தேன். அதைத்தான் இந்த மாத உரையில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

படையினர் உண்ட பிஸ்கற் எது?

அன்சாக் என்பது அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைப்பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து உண்டான பெயர். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி விடியற்காலையில் அந்தப் படையினர் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கினார்கள். எட்டு மாதங்கள் அங்கே செங்குத்தான மலைச்சரிவுகளில் பதுங்கு குழி வெட்டிக்கொண்டு இருந்தார்கள். 8,000க்கும் மேற்பட்ட அவுஸ்திரேலியரும் 2,700க்கும் மேற்பட்ட நியூசிலாந்தினரும் அங்கே இறந்தார்கள். தங்கள் மண்ணைக் காக்க எதிர்ப்பக்கத்தில் நின்ற துருக்கிப் படையினரில் இறந்தவர்கள் 80,000க்கும் மேல்.

அந்த எட்டு மாதமும் அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த சாப்பாட்டில் முக்கியமானவை மூன்று: தகரத்தில் அடைத்த உப்பு மாட்டிறைச்சி, தேநீர், கல்லுப்போன்ற ஒரு சதுரப் பிஸ்கற். இந்தப் பிஸ்கற்றுக்கும் இன்று நாம் சுடும் பிஸ்கற்றுக்கும் எந்த உறவும் இல்லை. மாவும் நீரும் சேர்த்து, ஈரம் முழுவதும் போகும்வரை சுட்டு எடுத்தது. பாண் கிடைக்காத இடத்தில் பாணுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது. படையினர் அதற்கு "அன்சாக் ஓடு" என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரே கடித்தால் பல் உடையும். ஆகவே அதைக் கல்லால் இடித்து, தண்ணீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்கள். பல் உடைந்தவர்கள் ஏராளம், பல் வைத்தியர்களோ மிகக் குறைவு.

இன்னொரு பயனும் அதற்கு இருந்தது. சிலர் அதன் மேல் மையால் முகவரி எழுதி, வாழ்த்து எழுதி, தபாலட்டை போல வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிலர் நடுவில் துளைத்துப் படச்சட்டமாக்கினார்கள். கன்பராவில் உள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இப்படிப்பட்ட பிஸ்கற்றுகளை நூறாண்டு கடந்தும் வைத்திருக்கிறார்கள். அவை இன்னும் உடையவில்லை.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படை கொடுத்த பிஸ்கற் வேறு, வீடு அனுப்பிய பிஸ்கற் வேறு. முதலாவது ஓர் ஆளை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு போதும் என்று கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. வீட்டுப் பிஸ்கற்றைச் சுட்டவர்களுக்கு அதை யார் சாப்பிடப் போகிறார் என்று தெரியும்.

கடல் கடந்த பொதிகள்

யுத்தம் 1914ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் தொடங்கியதும் ஒவ்வொரு மாநிலத்திலும் பெண்கள் சங்கங்கள் அமைத்தார்கள். விக்ரோறியாவில் மேயரின் துணைவியார் தலைமையில் ஒன்று, நியூ சவுத் வேல்ஸில் "போர்ப் பெட்டகம்" என்ற பெயரில் ஒன்று, தெற்கு அவுஸ்திரேலியாவில் இன்னொன்று. 1916ஆம் ஆண்டு இவை யாவும் "அவுஸ்திரேலியன் கொம்போர்ட்ஸ் பண்ட்" என்ற ஒரே நிதியத்தின் கீழ் வந்தன. காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் செஞ்சிலுவைச் சங்கம் பார்த்தது. களத்தில் நிற்கும் படையினருக்கு வேண்டிய சிறு சுகங்களை இந்த நிதியம் பார்த்தது. காலுறை, புகையிலை, சவர்க்காரம், பத்திரிகை, கேக், புடிங், கட்டிப்பால் என்று அந்தப் பட்டியல் நீளும். காலுறை மட்டும் 10 லட்சம் சோடிக்கு மேல் பின்னி அனுப்பினார்கள். ஒரு சோடி பின்ன எத்தனை மணித்தியாலம் என்று பின்னத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த உழைப்புக்கு ஒருவரும் சம்பளம் வாங்கவில்லை.

தனித்தனி வீடுகளில் இருந்தும் பொதிகள் போயின. பழக்கேக்கைத் தகரப் பேணியில் வைத்து, மூடியை ஈயம் பற்றவைத்து அடைப்பார்கள். அதன் மேல் துணி சுற்றித் தைத்து, துணியின் மேல் மையால் பெயர், படை இலக்கம், படைப்பிரிவு ஆகியவற்றை எழுதுவார்கள். எங்கள் ஊர்களில் வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்பும்போது வெள்ளைத் துணியில் பொதி தைத்து விலாசம் எழுதியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அன்று விமானத் தபால் கிடையாது. அவுஸ்திரேலியாவில் இருந்து கப்பலில் இங்கிலாந்து போய்ச் சேரவே ஆறு, ஏழு வாரங்கள் ஆகும். களத்தில் இருப்பவரின் கைக்குக் கிடைக்க இன்னும் நாள் எடுக்கும். கப்பலின் அடித்தட்டில், வெப்பமண்டலத்தைக் கடந்து, குளிரூட்டி இல்லாமல் போக வேண்டும். போய்ச் சேரும்போது பெயருக்குரியவர் உயிரோடு இருப்பாரா என்பதும் தெரியாது. உரியவர் இல்லையென்றால் உணவுப் பொருட்களைக் கூட இருந்த தோழர்கள் பகிர்ந்து உண்பது வழக்கமாக இருந்தது. மகன் போன செய்தி வந்த பின்னரும் அம்மா அனுப்பிய கேக் கடலில் போய்க்கொண்டிருந்த வீடுகள் உண்டு.

1915ஆம் ஆண்டு நத்தாருக்கு ஒரு பெரிய ஏற்பாடு நடந்தது. அவுஸ்திரேலியர் தேநீர் காய்ச்சும் "பில்லி" என்ற தகரவாளிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி, ஒவ்வொன்றிலும் புடிங், இனிப்பு, புகையிலை, காலுறை, ஒரு சிறு கடிதம் என்று நிரப்பி அனுப்பினார்கள். வாளியின் வெளிப்புறத்தில் ஒரு கங்காரு துருக்கியனைக் கலிப்பொலியில் இருந்து உதைத்துத் தள்ளும் படம் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் நடந்தது வேறு. டிசெம்பர் 20ஆம் திகதி விடியுமுன் அன்சாக் படையினர் இரகசியமாக அந்தக் கரையை விட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். லெம்னோஸ் தீவில் களைத்துப்போய் இருந்தவர்களின் கையில்தான் அந்த வாளிகள் கிடைத்தன. உதைக்கப்பட்டவர் யார் என்று அந்தப் படத்தைப் பார்த்து அவர்களே சிரித்துக்கொண்டார்களாம்.

வாளியின் வெளிப்பக்கம் அரசியல், உள்ளே வீட்டுச் சாப்பாடு. இரண்டும் ஒரே வாளியில் வந்தன.

பெயர் எப்போது வந்தது?

இனி அன்சாக் பிஸ்கற்றுக்கு வருவோம். கலிப்பொலிக்கு அனுப்பப்பட்ட பிஸ்கற் என்று பொதுவாகச் சொல்லப்படும் கதைக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா?

ஓட்ஸும் பாணியும் சேர்ந்த பிஸ்கற் யுத்தத்துக்கு முன்னரே இருந்தது. ஓட்ஸ் ஸ்கொட்லாந்து மக்களின் உணவு. நியூசிலாந்தின் தெற்கே டனீடின் நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்தவர்கள் குடியேறிய இடங்கள். அவர்களின் அடுப்பில் ஓட்ஸ் பிஸ்கற் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அதற்கு அன்சாக் என்ற பெயர் இல்லை.

ஒராகோ பல்கலைக்கழகத்தின் மானிடவியல் பேராசிரியர் ஹெலன் லீச் என்பவர் இந்தப் பெயரின் வரலாற்றைத் தேடினார். அவர் தேடிய இடம் இராணுவ ஆவணக் காப்பகம் அல்ல. தேவாலயங்களும் பெண்கள் சங்கங்களும் நிதி சேர்ப்பதற்காக அச்சிட்ட சமையல் புத்தகங்களைப் பதிப்புப் பதிப்பாக அடுக்கி வைத்துப் பார்த்தார். ஒரு கணக்காளன் பழைய பேரேடுகளை அடுக்கி வைத்துப் பார்ப்பது போன்ற வேலை அது. 1917ஆம் ஆண்டு சிட்னியில் வந்த "போர்ப் பெட்டகச் சமையல் புத்தகத்தில்" அன்சாக் பிஸ்கற் என்ற பெயரில் ஒரு குறிப்பு உண்டு. ஆனால் அது வேறு வகைப் பிஸ்கற். இன்றைய செய்முறையும் அன்சாக் என்ற பெயரும் ஒன்றாகச் சேர்ந்து வருவது, டனீடினின் சென். அன்ரூஸ் தேவாலயச் சமையல் புத்தகத்தின் யுத்தத்துக்குப் பிந்திய பதிப்புகளில். அங்கே அதன் பெயர் "அன்சாக் கிறிஸ்பீஸ்". 1920ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஆகஸ் பத்திரிகையும் அத்தகைய குறிப்பு ஒன்றை வெளியிட்டது. தேங்காய்ப்பூ இன்னும் பின்னர் வந்து சேர்ந்தது. ஆரம்பக் குறிப்புகள் பலவற்றில் தேங்காயே இல்லை.

ஆகவே கலிப்பொலியின் பதுங்கு குழிகளில் இருந்தவர்கள் "அன்சாக் பிஸ்கற்" என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருக்க இடமில்லை. ஓட்ஸ் பிஸ்கற் சில பொதிகளில் போயிருக்கும். ஆனால் அத்தகைய பிஸ்கற்றுகளில் பெரும்பகுதி உள்ளூரிலேயே விற்கப்பட்டது என்கிறது நியூசிலாந்தின் தேசிய இராணுவ அரும்பொருளகம். ஊர்ச் சந்தைகளிலும் விழாக்களிலும் ஊர்வலங்களிலும் பெண்கள் அவற்றை விற்று, அந்தப் பணத்தை யுத்த நிதிக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டது அயலவர், போனது பணம்.

கதை பொய்த்துவிட்டது என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. படையினர் பெரும்பாலும் உண்ணாத ஒரு பிஸ்கற்றுக்கு, யுத்தம் முடிந்து அவர்களில் பலர் திரும்பி வராத பின்னர், வீட்டிலிருந்தவர்கள் அன்சாக் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 50 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் இருந்து ஏறத்தாழ 60,000 பேர் அந்த யுத்தத்தில் மாண்டார்கள். அவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவரவில்லை. போய் விளக்கு வைக்கக் கல்லறை பக்கத்தில் இல்லை. அந்த நிலையில் சமையலறையில் வைத்த பெயர் இது. ஆகவே இதைக் காத்திருந்தவர்களின் பிஸ்கற் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

அன்சாக் என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. வியாபாரத்துக்கு அதை நினைத்தபடி பயன்படுத்த முடியாது. 1921ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி அரசின் அனுமதி வேண்டும். பிஸ்கற்றுக்கு அந்தப் பெயரை வைக்கலாம். ஆனால் செய்முறை பழைய முறையை ஒட்டியிருக்க வேண்டும், அமெரிக்கர் சொல்வதுபோல "குக்கி" என்று எழுதவும் கூடாது. சொக்கலேற் துண்டுகளைப் போட்டு இந்தப் பெயரில் விற்க முடியாது.

ஏன் கெட்டுப் போகாது?

நேயர்களில் பலர் செய்முறை கேட்பீர்கள் என்று தெரியும். ஒரு கோப்பை ஓட்ஸ், ஒரு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை சீனி, முக்கால் கோப்பை உலர்ந்த தேங்காய்ப்பூ ஆகியவற்றைக் கலந்து வையுங்கள். 125 கிராம் பட்டரையும் இரண்டு மேசைக்கரண்டி கோல்டன் சிரப்பையும் மெல்லிய சூட்டில் உருக்குங்கள். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவை இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்து, உருக்கியதில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். அதை மாக்கலவையில் விட்டுப் பிசைந்து, சிறு உருண்டைகளாக இடைவெளி விட்டு வைத்து, 160 பாகைச் சூட்டில் பொன்னிறமாக வரும்வரை பதினைந்து நிமிடமளவில் சுடுங்கள். எடுக்கும்போது மெதுவாக இருக்கும், ஆறிய பின் இறுகும்.

முட்டை இல்லாததற்கு யுத்தகாலத் தட்டுப்பாடு காரணம் என்பார்கள். அதைவிட முக்கியமான பயன், ஈரம் குறைவு. முட்டையின் வேலையைப் பாணி செய்கிறது, அதுவே மாவைப் பிடித்து வைக்கிறது. சீனியும் பாணியும் மிகுந்து, ஈரம் குறைந்து இருப்பதால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. காற்றுப் போகாத ரின்னில் வாரக்கணக்கில் இருக்கும்.

இந்த அறிவு எங்கள் வீடுகளிலும் இருந்தது. பொரிவிளாங்காயும் எள்ளுருண்டையும் பனாட்டும் எதற்காக? சீனியோ பனங்கட்டியோ பாணியோ சேர்த்து, ஈரத்தைப் போக்கி, தூரப் பயணத்துக்கு ஏற்றபடி செய்தவை அவை. பயித்தம் பணியாரத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தால் நாலு நாள் தாங்கும். எள்ளுருண்டை நாற்பது நாள் தாங்கும். எது எவ்வளவு தூரம் போகும் என்று எங்கள் அம்மாமாருக்குத் தெரியும். டனீடின் பெண்களுக்கும் அது தெரிந்திருந்தது.

எங்கள் தீவுக்கும் இதில் பங்குண்டு

இந்தக் கதை நமக்குச் சற்றும் தொடர்பில்லாதது என்று நினைக்க வேண்டாம். 1914ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் முதலாவது அன்சாக் படையணி மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனித் துறையில் இருந்து 30க்கும் மேற்பட்ட கப்பல்களில் புறப்பட்டது. அவர்கள் நின்று சென்ற துறைமுகம் கொழும்பு. வழியில் காவலுக்கு வந்த சிட்னி என்ற போர்க்கப்பல்தான் நவெம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே ஜேர்மனியின் எம்டன் கப்பலை முடித்தது. அதே எம்டன்தான் செப்ரெம்பர் மாதம் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு, தமிழில் ஒரு சொல்லாகவே நின்றுவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு.

கலிப்பொலியில் இந்தியப் படையினரும் இருந்தார்கள். கோவேறு கழுதைகளில் மலைமேல் தண்ணீரும் வெடிமருந்தும் ஏற்றிச் சென்றவர்கள் அவர்கள். கல்லுப் பிஸ்கற்றில் வெறுத்துப்போன அவுஸ்திரேலியர் அவர்களிடம் சென்று சப்பாத்தியும் கறியும் விரும்பிச் சாப்பிட்டதை வரலாற்றாசிரியர் பீற்றர் ஸ்ரான்லி தன் ஆய்வில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

பின்னர் இரண்டாம் உலக யுத்தம். மத்திய கிழக்கில் இருந்து திரும்பிய இரண்டு அவுஸ்திரேலியப் படையணிகள் 1942ஆம் ஆண்டு மார்ச் முதல் யூலை வரை இலங்கையைக் காவல் காத்தன. கொழும்பின் மேல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டது அந்த ஏப்ரல் 5ஆம் திகதிதான். 1940ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கப்பட்ட கொம்போர்ட்ஸ் நிதியமும் வீட்டுக் கேக்குகளும் மறுபடி கடல் கடந்தன. இம்முறை அவுஸ்திரேலியாவில் சீனியும் பட்டரும் பங்கீட்டு அட்டையில் வந்த காலம். ஒரு கேக் அனுப்புவதற்காக வீட்டிலிருந்தவர்கள் தங்கள் பங்கை வாரக்கணக்கில் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

தேங்காய்ப்பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தே உலர்த்திய தேங்காய்ப்பூவை ஆலைகளில் செய்து உலகெங்கும் ஏற்றுமதி செய்த முன்னணி நாடு இலங்கை. இந்தப் பிஸ்கற்றில் தேங்காய் வந்து சேர்ந்த காலத்தில் எங்கள் தீவின் தென்னைகளுக்கும் அதில் பங்கிருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாக்குச்சீட்டில் எழுதிய பதில்

இனி, பலர் பேசாமல் விடும் ஒரு பகுதி. 1916ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் கட்டாய ஆட்சேர்ப்பைக் கொண்டுவர விரும்பினார். வெளிநாட்டுக் களத்துக்குக் கட்டாயமாக ஆள் அனுப்பலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார். ஒக்ரோபர் 28ஆம் திகதி மக்கள் 72,476 வாக்குகள் வித்தியாசத்தில் "வேண்டாம்" என்றார்கள். 1917ஆம் ஆண்டு டிசெம்பரில் மறுபடி கேட்டார். இம்முறை வித்தியாசம் 166,588 ஆகக் கூடியது. அவுஸ்திரேலியப் பெண்களுக்கு 1902ஆம் ஆண்டில் இருந்தே வாக்குரிமை இருந்தது. மெல்பேர்ணில் வீடா கோல்ட்ஸ்ரீன் போன்ற பெண்கள் யுத்தத்துக்கு எதிராகப் பகிரங்கமாகப் பேசினார்கள். கட்டாய ஆட்சேர்ப்பை ஆதரித்த பெண்களும் இருந்தார்கள். நாடு இரண்டாகப் பிளந்து நின்றது.

இந்த இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 10 லட்சம் சோடி காலுறை, கணக்கற்ற கேக், பிஸ்கற். மறு பக்கத்தில் இரண்டு முறை "வேண்டாம்". காலுறை பின்னிய கைகளும் வாக்களித்த கைகளும் வேறு வேறு நாட்டவருடையவை அல்ல. போன பிள்ளைக்குச் சாப்பாடு அனுப்புவதும், போகாத பிள்ளையைப் பிடித்து அனுப்பாதே என்று சொல்வதும் ஒரே வீட்டில் நடந்திருக்கக்கூடிய இரண்டு காரியங்கள். அந்த வீட்டுக்கு அதில் முரண்பாடு தெரிந்திருக்காது.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

அந்தச் சகோதரியின் கேள்வி நியாயமானது. சீருடையைக் கண்டால் நெஞ்சு பதறும் தலைமுறை நாங்கள். 1983இன் பின் வந்தவர்கள், 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், 2009இன் பின் கடலால் வந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. படை என்றால் அது எங்களைக் காக்க வந்தது என்ற எண்ணம் எங்களுக்கு எளிதில் வராது. அதைப் பிள்ளைகளுக்கு மறைக்கவும் தேவையில்லை.

அதே நேரத்தில், நாங்களும் பொதி கட்டிய சனந்தான். 1980களில் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு சோற்றுப் பார்சல் சேர்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மனமுவந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள். மறுக்க முடியாமல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். தன் பிள்ளையும் எங்கோ ஒரு காட்டில் பசியோடு இருக்குமே என்று நினைத்துக் கொடுத்த தாய்மாரும் இருந்தார்கள். எந்த நாட்டின் யுத்தத்திலும் சமையலறையில் இந்த மூன்று வகையும் இருந்திருக்கும். மெல்பேர்ணிலும் இருந்திருக்கும், துருக்கியின் கிராமங்களிலும் இருந்திருக்கும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியது இதுதான். இந்தப் பிஸ்கற்றைச் சுடுவதால் எந்த யுத்தத்துக்கும் ஆம் என்று சொன்னதாக ஆகாது. அந்தப் பெயரை வைத்தவர்களே அப்படிச் சொல்லவில்லை என்பதற்கு 1916ஆம், 1917ஆம் ஆண்டுகளின் வாக்குக் கணக்கு சாட்சி. படையினர் அதை உண்டார்கள் என்று ஆசிரியை சொன்னால், பெரும்பாலும் உண்ணவில்லை, அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் சுட்டது என்று பிள்ளை மரியாதையாக எடுத்துச் சொல்லட்டும். உன் அம்மம்மாவும் இப்படி ஒரு ரின் நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர் என்று நீங்கள் வீட்டில் சொல்லுங்கள். மனம் ஒப்பாதவர்கள் சுடாமல் விடலாம். அதிலும் குற்றமில்லை. ஆனால் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லி விடுங்கள். காரணம் சொல்லாத மௌனத்தைப் பிள்ளைகள் வெட்கம் என்று விளங்கிக்கொள்வார்கள்.

எங்கள் பேரேடு எங்கே?

கடைசியாக ஒரு வேண்டுகோள்.

ஒரு பிஸ்கற்றின் பெயரைத் தேடிய பேராசிரியருக்கு அதைக் கண்டுபிடிக்க உதவியது தேவாலயப் பெண்கள் அச்சிட்ட சமையல் புத்தகங்கள். அவர்கள் வரலாறு எழுதுகிறோம் என்று நினைத்து எழுதவில்லை. தேவாலயத்துக்குக் காசு சேர்க்க எழுதினார்கள். ஆனாலும் ஆண்டு இருந்தது, பதிப்பு எண் இருந்தது, அளவு இருந்தது. அதனால் நூறாண்டின் பின் ஒருவர் தேடியபோது கணக்குக் கிடைத்தது.

எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வடக்கில் இருந்து கொழும்புக்கும், கொழும்பில் இருந்து வெளிநாட்டுக்கும், முகாமில் இருந்தவர்களுக்கும், சிறையில் இருந்தவர்களுக்கும் எங்கள் தாய்மார் என்ன அனுப்பினார்கள்? எந்த ரின்னில் அனுப்பினார்கள்? யார் கொண்டுபோய்க் கொடுத்தார்? எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது, எது சேரவே இல்லை? எனக்கு அம்மா அனுப்பிய எள்ளுருண்டை மூன்று பேரின் கைமாறி, இரண்டு மாதம் கழித்து வந்தது. எண்ணிப் பார்த்தபோது இருபத்திரண்டு இருந்தது. எத்தனை வைத்து அனுப்பினார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை.

உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஆள் இருந்தால் இந்த மாதமே கேளுங்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். பெயர் எழுத அச்சமென்றால் பெயரை விட்டுவிட்டு ஆண்டையும் ஊரையும் பண்டத்தையும் எழுதுங்கள். அளவையும் எழுதுங்கள், எத்தனை சுண்டு உழுந்து, எத்தனை பனங்கட்டி என்று. எழுத முடியாதவர்கள் வானொலிக்கு வந்து பேசுங்கள், பதிவு செய்து வைத்துக்கொள்வோம். எங்களுக்குப் பின் தேடி வரும் ஒரு பிள்ளைக்கு அது உதவும்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.